ஒற்றுப்பிழை

ஜூன் 4

தம்பிக்கு,

உன் கடைக் கண்ணாடியிலிருந்து உன் அண்ணன் படத்தை எடுத்துவிட்டாயாம். அடுத்த வீட்டு மருமகள் பிறந்த வீட்டுக்குப் போனபோது உன்னிடம் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டாளாம். திரும்பி வந்ததும் முதல் செய்தியாக இதைத்தான் சொன்னாள். "மாமா படம் இருந்த எடத்துல இப்போ ஒரு ஹெல்மெட் தொங்குது பெரியம்மா."

இரண்டு வருஷத்துக்கு முன்பு நானே நேரில் வந்து அந்தப் படத்தை எடுக்கச் சொன்னேன். மணப்பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நடுவில், போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்கும்படி என் கணவர் தொங்க வேண்டாம் என்றேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "உங்களுக்கு வீட்டுச் சுவர் இருக்கு அண்ணி, எனக்குக் கண்ணாடிதான் இருக்கு" என்றாய். அன்று இறங்கியவள் உன் கடைப் படியை இன்றுவரை மிதிக்கவில்லை. எனக்காகச் செய்யாததை ஒரு ஹெல்மெட்டுக்காகச் செய்திருக்கிறாய்.

எனக்குக் கோபம் இல்லை. அது யாருடைய ஹெல்மெட் என்று மட்டும் தெரிய வேண்டும்.

போனில் கூப்பிடாதே. எனக்குக் காது சரியில்லை. சரியாக இருந்தாலும் உன் பாதி வாக்கியங்களைக் கேட்கப் பொறுமை இல்லை. ஆகையால் எழுது. முழு வாக்கியங்களாக எழுது.

அண்ணி


ஜூன் 11

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் கையெழுத்தை உறைமேல் பார்த்ததும் போஸ்ட்மேன் எதிரிலேயே கிழித்துப் படித்தேன். முதல் வரியிலேயே அடி. போஸ்ட்மேன், "என்ன சார், நல்ல சேதியா?" என்று கேட்டார். "திட்டுறாங்க. அப்போ நல்லாத்தான் இருக்காங்க" என்றேன்.

அண்ணன் எங்கும் போகவில்லை. உள்ளே என் மேஜைக்கு எதிர்ச்சுவரில் இருக்கிறார். நான் சில்லறை எண்ணும்போது முறைக்கிறார். கண்ணாடி வெளியே நிற்கிறவர்களுக்கானது. அவர்கள் பார்க்க வேண்டியது இப்போது வேறொன்று.

கடை முனையில் "வண்டி நிறுத்தாதே" பலகை இருக்கிறதல்லவா? அதற்கடியில்தான் போக்குவரத்துக் காவலர் தன் பைக்கை நிறுத்துகிறார். ஹெல்மெட்டைக் கைப்பிடியில் தலைகீழாக மாட்டுகிறார். ஹெல்மெட் போடாமல் வருகிறவர்களை நிறுத்துவார். அவர்கள் அந்த ஹெல்மெட்டுக்குள் கையை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ரசீது கிடையாது, பேச்சும் கிடையாது. அது ஒருநாளும் தலையில் ஏறியதில்லை, அண்ணி. மூளை இல்லாத, வயிறு மட்டும் உள்ள ஹெல்மெட். பக்கத்து ஓட்டல்காரரின் கார் காலைமுதல் அந்தப் பலகைக்குக் கீழேயே நிற்கும். அவரும் தினமும் அதற்குத் தீனி போடுவார். அவர் கை, மடித்த நோட்டு, ஹெல்மெட், பின்னால் அந்தப் பலகை, நான்கும் ஒரே படத்தில் விழுந்தன. இத்தனை வருஷம் கல்யாணத்தில் "கொஞ்சம் சிரிங்க" என்று கெஞ்சி எடுத்த எந்தப் படமும் இவ்வளவு நன்றாக அமைந்ததில்லை. பெரிதாக்கி மாட்டினேன். சலூன்காரர் பாதி ஷேவிங்கில் ஆளை எழுப்பி, முகத்தில் நுரையோடு கூட்டிவந்து காட்டினார்.

இன்ஸ்பெக்டரும் வந்தார். தெருவில் அவருக்குக் கூலிங்கிளாஸ் என்று பெயர், இருட்டறையிலும் அதைக் கழற்ற மாட்டார். வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "நல்லா எடுத்திருக்கீங்க. லைட்டிங் பிரமாதம்" என்றார். மறுநாள் காலை நோட்டீஸ் வந்தது. என் கடைப் பெயர்ப்பலகை சுவரைத் தாண்டி ஒரு சாண் நடைபாதைமேல் நீட்டிக்கொண்டிருக்கிறதாம். ஓட்டல்காரர் பலகை பாதித் தெருவுக்கு நிழல் தருகிறது. அது யார் கண்ணிலும் படவில்லை.

ஒன்று சொல்லட்டுமா? அண்ணன் உங்களுக்கு வைத்திருந்த பெயர் "ஆகையால்". "ஆகையால் வருது, ஒளிஞ்சுக்கோ" என்பார். அவர் இல்லாததால் இப்போது தைரியமாகச் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் பழையபடி சிவப்பு மையில் திருத்தி அனுப்புங்கள். உங்களுக்காகவே சில பிழைகள் விட்டுவைத்திருக்கிறேன்.

தம்பி


ஜூன் 18

தம்பிக்கு,

திருத்திய கடிதத்தை இத்துடன் திருப்பியிருக்கிறேன். வேண்டுமென்றே விட்டவை எவை, தெரியாமல் விட்டவை எவை என்று என்னால் பிரிக்க முடியவில்லை. உன்னாலும் முடியாது.

அந்தப் பெயர் எனக்குக் கல்யாணமான வருஷமே தெரியும். உன் அண்ணன் தூக்கத்தில் பேசுவார்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் பலகை நடைபாதைமேல் நீட்டியிருக்கிறதா, இல்லையா? நீட்டியிருக்கிறது என்று நீயே எழுதுகிறாய். நான் படித்த மடத்துப் பள்ளியில் பேசியதற்காகப் பிடிபட்ட ஒருத்தி, "அவளும்தான் பேசினா சிஸ்டர்" என்றாள். பேசியதற்கு ஓர் அடி, அப்படிச் சொன்னதற்கு இரண்டடி வாங்கினாள். அடுத்தவர் குற்றம் நம் குற்றத்துக்குச் சமாதானம் ஆகாது. ஆகையால் பலகையை அறு.

ஆனால் அந்த "ப்"பைத் தொடாதே. நீ கடை திறந்த அன்று பலகையில் "புகைபட நிலையம்" என்று எழுதி மாட்டியிருந்தாய். நான் ஆட்டோவிலிருந்து இறங்கவே இல்லை. "புகை பட இதென்ன அடுப்படியா?" என்று கேட்டேன். வந்த விருந்தாளிகள் எல்லோரும் தெருவில் நிற்க, பெயிண்டர் ஏணியில் ஏறி அந்த ஒற்றெழுத்தை நடுவில் நுழைத்த பிறகுதான் உள்ளே வந்தேன். இன்றும் அது இடம் போதாமல் ஒடுங்கிக்கொண்டுதான் நிற்கும். பரவாயில்லை, சரியாக நிற்கிறது.

ஹெல்மெட் படத்தில் இருப்பது உண்மையா? உண்மையானால் எடுக்காதே. உன் அண்ணன் உள்ளேயே இருக்கட்டும்.

அண்ணி


ஜூலை 9

அண்ணிக்கு,

பலகையை அறுத்துவிட்டேன். உங்கள் "ப்" பத்திரம். வலது பக்கம் ஒரு சாண் போனதில் "யம்" போய்விட்டது. இப்போது பலகையில் "புகைப்பட நிலை" என்று இருக்கிறது. என் நிலையும் அதுதான்.

பலகை முடிந்து படிக்கு வந்தார்கள். தெருவில் எல்லாக் கடைக்கும் நடைபாதையில் ஒரு படி உண்டு. என்னுடையதை மட்டும் கடப்பாரையால் பெயர்த்தார்கள். வயதானவர்கள் ஏறட்டும் என்று ஒரு மரப்பெட்டியைப் போட்டேன். ஆக்கிரமிப்பு என்று பெட்டியையும் தூக்கிப் போனார்கள். அப்புறம் என் ஸ்கூட்டரில் இடது பக்கக் கண்ணாடி இல்லை. மாட்டினேன். கண்ணாடியில் விரிசல். மாற்றினேன். கடை மூடிய பிறகும் படத்துக்கு மேலே விளக்கு எரிகிறது என்றார்கள். அணைத்தேன். மறுவாரம் வேறொருவர் வந்து, கடை முன்பக்கம் இருட்டாக இருப்பது பாதுகாப்புக்கு ஆபத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சிரித்துவிட்டேன். அதை மரியாதைக் குறைவு என்று அதே தாளில் சேர்த்துக்கொண்டார்.

எல்லாம் உண்மைதான், அண்ணி. ஒரு குற்றம்கூடப் பொய்யில்லை. நூறு பேர் செய்வதை நானும் செய்தேன். தொண்ணூற்றொன்பது பேரை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

தெருக்காரர்கள் எதிர்ச் சாரியிலிருந்தே, "பாத்துப் பண்ணுங்கண்ணே" என்கிறார்கள். இந்தப் பக்கம் யாரும் தாண்டுவதில்லை. சலூன்காரர்கூடக் கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டுவதோடு சரி. ஒரு கல்யாண ஆர்டர் கைநழுவிப் போயிற்று. மாப்பிள்ளையின் அப்பா, "படம் நல்லா எடுப்பீங்க. ஆனா பந்தல்ல போலீஸ் வந்து நின்னா?" என்றார்.

நேற்றுக் கூலிங்கிளாஸ் வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு படந்தான். எடுத்துட்டீங்கன்னா எல்லாம் சரியாயிடும்."

"படத்துல தப்பு ஏதாவது இருக்கா சார்?"

"தப்பே இல்ல. அதான் தப்பு."

தம்பி


ஜூலை 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் நான் சிவப்பு மை தொடவில்லை. திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் நான் முன்பு சொன்னதுதான். படி நடைபாதையில் இருந்தது, கண்ணாடியில் விரிசல் இருந்தது. ஆனால் சேர்த்துப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. ஊரில் ஒரு தலைமேல் மட்டும் பெய்வதை மழை என்று சொல்ல மாட்டார்கள், யாரோ மாடியிலிருந்து கொட்டுகிறார்கள் என்றுதான் சொல்வார்கள். இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. சட்டம் என்றால் என் பக்கத்தில் நிற்கும் ஒன்று என்றே இத்தனை வயதுவரை நினைத்திருக்கிறேன்.

இருந்தாலும் அவர்களுக்கு ஒரு சந்துகூட வைக்காதே. கோடு தாண்டாமல் ஸ்கூட்டர் ஓட்டு. கடையை நேரத்துக்கு மூடு. குறையே இல்லாதவனை என்ன செய்துவிட முடியும்?

இன்னொன்று. உன்னைக் கேட்காமல் மாவட்டப் போலீஸின் பெரிய அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வந்திருக்கிறது. இரண்டு பத்தி. ஒரு சந்திப்பிழை இல்லை, ஒரு காற்புள்ளி இடம் மாறவில்லை. "தாங்கள் சுட்டியவை கவனிக்கப்படும்" என்று எழுதியிருக்கிறார். இப்போதெல்லாம் யார் "சுட்டியவை" என்று எழுதுகிறார்கள்? இவ்வளவு கவனமாக எழுதுகிற மனிதர் பொய்க்குத் துணை போகமாட்டார். ஆகையால் தைரியமாக இரு.

அண்ணி


ஆகஸ்ட் 12
(சிறைத் தணிக்கை முத்திரை)

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். எனக்காக வாதாட வந்திருக்கும் வக்கீலம்மா உங்களுக்குச் சொல்லியிருப்பார். ஹெல்மெட் படத்தை எடுக்க வேண்டுமானால் பணம் கொடு என்று நான் மிரட்டியதாக ஓட்டல்காரர் புகார் கொடுத்தார். அன்று மாலையே அழைத்துப் போனார்கள். இரண்டு நாள் ஸ்டேஷனில் இருந்தேன். என்னை நல்லபடியாக நடத்தினார்கள். கையெழுத்துப் போடும் வேலைதான் அதிகம். குற்றத்தை ஒப்புக்கொண்டு வாக்குமூலம் கொடுத்திருப்பதாகச் சொல்கிறார்கள்.

இங்கே சாப்பாட்டுக்குக் குறை இல்லை. பக்கத்தில் படுத்திருப்பவர் தையல்காரர். படுத்தபடியே என் தோள் அளவைச் சரியாகச் சொன்னார்.

கடைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். அந்தப் படமும் நெகட்டிவும் அவர்களிடம்.

முக்கியமானது அடுத்த தாளில் இருக்கிறது. வழக்கம்போல் கவனமாகப் பாருங்கள், அண்ணி. ஒன்றும் விடாமல்.

தம்பி


ஆகஸ்ட் 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் அடுத்த தாளில் எதுவும் இல்லை. அடியில் உன் கையெழுத்து மட்டும் இருக்கிறது. எழுத மறந்துவிட்டாயா, அல்லது யாராவது கூப்பிட்டார்களா? ஒன்றுமே இல்லாததால் முத்திரைகூடக் குத்தாமல் விட்டிருக்கிறார்கள். சிறையில் காகிதம் எளிதாகக் கிடைக்காது என்கிறார்கள். முதலில் எழுது, பிறகு கையெழுத்துப் போடு. இதைச் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாளை வீணாக்க மனமில்லாமல் எடுத்து வைத்திருக்கிறேன்.

வக்கீலம்மாவைப் பார்த்தேன். நல்ல பெண். தூக்கம் இல்லாத கண்கள். உன் வாக்குமூலத்தின் நகல் ஒன்றைக் கொடுத்தாள். "இது ஒண்ணுதான் இருக்கு பெரியம்மா. ஸ்டேஷன் எழுத்தர் ஒருத்தர் மனசு கேக்காம யாருக்கும் தெரியாமக் குடுத்தது. படிச்சுட்டு என்கிட்டயே குடுத்துடுங்க" என்றாள்.

படித்தேன். தம்பி, நீ விடுதலை ஆகிவிடுவாய்!

அந்தத் தாளை எழுதியவனுக்கு "மிரட்டி" என்பதற்கு எந்த ரகரம் என்று தெரியவில்லை. "பனம்" கேட்டாயாம். கடைசியில் "மண்ணிப்பு" கோருகிறாயாம், மண்ணில் எதைக் கோருவாய்? "அதினால்" என்று ஒரு சொல், வரிக்கு வரி. எல்லாவற்றுக்கும் மேலே, "புகைபடம்". ஓரிடத்தில் இல்லை, வரும் இடமெல்லாம். கடைசி மூன்று வரிகள் உன் கையெழுத்தின் தலைமேல் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. தட்டச்சுச் செய்தவனுக்கு இடம் விடவும் தெரியவில்லை. அவற்றில் கடைசி வரி, "நானே படித்துப் பார்த்து, சரியென ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்".

நீ படித்துப் பார்த்தாயா? திறப்பு விழா அன்று ஏணி போட்டு ஒற்றெழுத்தைச் சேர்த்தவன், "புகைபடம்" என்று இருக்கும் தாளைப் படித்துவிட்டுச் சரி என்பானா? கையெழுத்து உன்னுடையது போலவே இருக்கிறது. நன்றாகப் பழகிப் போட்ட போலி. இதைப் பெரிய அதிகாரியிடம் காட்டினால் போதும், அவருக்கு உடனே புரியும். புரிகிற மனிதர் அவர் ஒருவர்தான்.

சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன்.

அண்ணி


ஆகஸ்ட் 27

அன்புள்ள தம்பிக்கு,

இன்று அவரைப் பார்த்தேன். நான் நினைத்தது சரி.

பெரிய அறை. மேஜைமேல் ஒரு தாள்கூடக் கோணலாக இல்லை. நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னார், மின்விசிறியைக் குறைக்கட்டுமா என்று கேட்டார். அவரும் மடத்துப் பள்ளியில் சின்ன வகுப்புப் படித்தவராம். "கைமுட்டியில ஸ்கேலால அடிப்பாங்களேம்மா!" என்று சிரித்தார்.

திருத்திய தாளை முன்னால் வைத்தேன். ஒவ்வொரு பிழையையும் ஏன் பிழை என்று சொன்னேன். ஓரத்தில் சரியான வடிவத்தையும் எழுதியிருந்தேன். "அதினால்" வந்த இடமெல்லாம் அடித்துவிட்டு "ஆகையால்" என்று போட்டிருந்தேன், என் பழக்கம் அது. பலகைக் கதையையும் சொன்னேன். இடை மறிக்காமல் முழுதும் கேட்டார். கடைசியில் அந்த நெருக்கியடித்த வரிகளைக் காட்டி, "பாருங்கள், பார்ப்பவர்களுக்கே சந்தேகம் வரும்" என்றேன்.

"ஆமாம்மா, வரும்" என்றார். "உங்களை மாதிரி நாலு பேர் எங்களுக்கு இருந்தா வேலை எவ்வளவு சுத்தமா இருக்கும்! இந்தத் தாளை நான் வச்சுக்கலாமா?"

கொடுத்துவிட்டேன். பிழை யாருடையதோ, திருத்திய தாள் அவர்களிடம் போவதுதானே முறை? வக்கீலம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

இன்றிரவு தூங்குவேன் என்று நினைக்கிறேன். நீயும் தூங்கு.

அண்ணி


ஆகஸ்ட் 28
(சிறைத் தணிக்கை முத்திரை)

அண்ணி,

உங்கள் இருபதாம் தேதிக் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. எங்கும் போகாதீர்கள். யாரையும் பார்க்காதீர்கள். அந்த நகலை வக்கீலம்மாவிடம் உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கையெழுத்து போலி இல்லை. என்னுடையதுதான்.

[இங்கே மூன்று வரிகள் மை பூசி அழிக்கப்பட்டுள்ளன.]

நான் அனுப்பிய வெற்றுத் தாளை மறுபடி பாருங்கள். மறந்து அனுப்பியது இல்லை.

தம்பி


நவம்பர் 20

அன்புள்ள அண்ணிக்கு,

இதை வக்கீலம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். முத்திரை இல்லை, ஆகவே உண்மை எழுதலாம். மூன்று வருஷம் என்று ஆகிவிட்டதை அவரே சொல்லியிருப்பார். நீங்கள் தீர்ப்பு அன்று கோர்ட்டுக்கு வராதது நல்லதாயிற்று. அந்தப் பெஞ்சில் ஒரு கால் ஆடும்.

ஸ்டேஷனில் என்னை அடிக்கவில்லை. அதுதான் எனக்கு வெட்கம். அடித்துப் போட்ட கையெழுத்து என்றால் தலை நிமிர்ந்து சொல்வேன். கூலிங்கிளாஸ், கடைச் சுவரிலிருந்த அண்ணன் படத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "உங்கண்ணனா? நல்ல முகம். அண்ணி தனியாத்தானே இருக்காங்க? அந்த வீட்டு மதில் ரோட்டுக்குள்ள வந்திருக்கான்னு அளக்கச் சொல்லட்டுமா? வயசானவங்க, அலைய முடியுமா?" என்றார். பிறகு வெற்றுத் தாள்களை நகர்த்தினார். அடியில் கையெழுத்து. இன்னொன்று. இன்னொன்று. ஒன்று கெட்டால் ஒன்று வேண்டுமே என்றார். எத்தனை என்று எண்ணவில்லை, கை ஓய்கிறவரை போட்டேன்.

அதைக் கடிதத்தில் எழுதினால் மை பூசிவிடுவார்கள் என்றுதான் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு. நேராகவே எழுதியிருக்க வேண்டும். கறுப்பு மையைப் பார்த்தாவது உங்களுக்குச் சந்தேகம் தட்டியிருக்கும். இதில் பாதிப் பழி என்னுடையது. அதை நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

போலீஸிடம் கொடுத்தது செல்லாது என்று வக்கீலம்மா எதிர்த்தும், கோர்ட்டில் வாக்குமூலத்தைப் படித்தார்கள். நான் தலையைக் குனிந்திருந்தேன். இரண்டாவது வரியில் "ஆகையால்" என்று கேட்டது. நிமிர்ந்தேன். மறுபடி "ஆகையால்". எனக்குத் தெரிந்துவிட்டது, அண்ணி. அந்த ஸ்டேஷனில் அவ்வளவு சுத்தமான தமிழ் யாருக்கும் வராது. அண்ணன் இருந்தால், "ஆகையால் வருது" என்று என் காதில் சொல்லியிருப்பார். அப்போது எனக்குச் சிரிப்பு வந்ததா, வேறு ஏதாவது வந்ததா என்று இன்னும் புரியவில்லை.

வக்கீலம்மா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். "புகைப்படம்", "ப்" வந்து உட்கார்ந்திருக்கிறது. வரிகளுக்கு நடுவே நல்ல இடைவெளி. என் கையெழுத்துக்கு மேலே தாராளமாக இடம். முன்பு வேறொரு தாள் இருந்தது என்று அவர் சொன்னார். கூலிங்கிளாஸ் கோர்ட்டில் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். சாதாரணக் கண்கள். "எந்தத் தாள்? இருந்தா காட்டச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான்.

தீர்ப்பில் நீதிபதி சொன்னதை நீங்கள் வேறு யார் வாயிலிருந்தும் கேட்கக் கூடாது என்பதால் நானே எழுதுகிறேன். "இத்தனை தெளிவான, பிழையற்ற வாக்குமூலத்தை இந்த நீதிமன்றம் கண்டதில்லை. அச்சமோ வற்புறுத்தலோ இன்றி, நிதானமாகச் சிந்தித்துச் சொன்னது என்பதற்கு அதன் நடையே சான்று."

வக்கீலம்மா அப்பீல் என்கிறார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு தடவை கடைப் பக்கம் போய்ப் பாருங்கள். அண்ணன் படம் கிடைத்தால் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். நீங்கள் சொன்னதுதான் சரி, அவருக்கு வீட்டுச் சுவர்தான் நல்லது.

தம்பி


டிசம்பர் 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடைக்குப் போனேன். கடை இல்லை. வீட்டுக்காரர் அதை ஓட்டல்காரருக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். நடுச் சுவரை இடித்துப் பார்சல் பிரிவு ஆக்கியிருக்கிறார்கள். நீ மணப்பெண்களை உட்கார வைத்த இடத்தில் பெரிய குக்கர் நிற்கிறது. நடைபாதையில் புதிதாக இரண்டு படி கட்டியிருக்கிறார்கள், நல்ல அகலமான படிகள். எனக்கு ஏறச் சிரமமே இல்லை.

மேலே புதுப் பலகை. நடைபாதை முழுவதையும் மறைத்துக்கொண்டு நீட்டியிருக்கிறது. அதில் "சுட சுட பார்சல் கிடைக்கும்" என்று எழுதியிருக்கிறது. ஒற்றெழுத்து இல்லை. பலகையின் நிழலில் அந்தக் காவலர் பைக்கின்மேல் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். ஹெல்மெட் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கியது. நீ எழுதியபடியேதான் இருக்கிறது, உன் படத்தில் ஒன்றும் மிகை இல்லை.

நான் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன் போலிருக்கிறது. உள்ளிருந்து ஒருவர், "என்ன பெரியம்மா வேணும்? பாத்துக்கிட்டே நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேணாம்ப்பா" என்றேன்.

என் வாழ்நாளில் ஒரு பலகையைப் படித்துவிட்டு, சொல்லாமல் நகர்ந்தது அதுதான் முதல் தடவை.

பிறகு ஸ்டேஷனுக்குப் போனேன். உன் அண்ணன் படத்தைக் கேட்டேன். அது எதற்கும் சான்று இல்லை, தேடிப் பார்த்துக் கொடுக்கலாம், ஆனால் எழுத்தில் வேண்டும் என்றார்கள். எழுத்தர் ஒரு தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். தலை நரைத்தவர், என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அந்த நகலை வக்கீலம்மாவுக்குக் கொடுத்தவர் இவராகத்தான் இருக்க வேண்டும். "நாலு வரி எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா" என்றார்.

"ஐயா" என்று எழுதினேன். அதற்கு மேல் கை போகவில்லை. அந்தத் தாளுக்கு அடியில் கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன். உன் அண்ணன் அங்கேதான் இருக்கிறார், எந்த அலமாரியில் என்று தெரியவில்லை.

என் மதிலைப் பற்றிக் கவலைப்படாதே. அது விரற்கடைகூட வெளியே வரவில்லை. ஆனால் உன் பலகையும் படியும் சரியான பிறகுதானே உன்னைப் பிடித்தார்கள்?

குறையே இல்லாதவனை என்ன செய்துவிட முடியும் என்று நான் உனக்கு எழுதினேன். கவனமாக எழுதுகிறவர் பொய்க்குத் துணை போகமாட்டார் என்றும் எழுதினேன். அந்தக் கடிதம் உன்னிடம் இருந்தால் கிழித்துவிடு. அதில் எழுத்துப்பிழை எதுவும் இருக்காது.

அவர் என்னை வாசல்வரை வந்து வழியனுப்பியதை நினைத்துக்கொள்கிறேன். மன்னிப்பு என்ற சொல்லை எப்படி எழுத வேண்டும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். உன்னிடம் அதைக் கேட்க எனக்கு வேறு சொல் இல்லை.

உன் கடிதத்தைத் திருத்தாமல் வைத்திருக்கிறேன். சிவப்புப் பேனாவைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

நீ அனுப்பிய வெற்றுத் தாளும் பத்திரமாக இருக்கிறது. அதில் உனக்காக ஏதாவது எழுதிப் பார்க்கலாம், யாருக்காவது அனுப்பலாம் என்று வக்கீலம்மா சொன்னாள். நான் எழுதவில்லை. எழுதினால் பிழையில்லாமல் எழுதிவிடுவேன்.

அண்ணி